கண்ணும் பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணின் முன்பக்கத்தில் ஒரு தூசி விழுந்தாலே துடித்துப்போகிறோம். பின்பக்கத்தில் விழித்திரை கிழிந்தாலும் வலி தெரியாது, ஏனென்றால் அங்கே வலியை உணரும் நரம்புகள் இல்லை. பார்வையை நிரந்தரமாகப் பறிக்கும் நோய்களில் பல அந்த வலிக்காத இடத்தில்தான் வருகின்றன. "வலி இல்லை, சிவக்கவும் இல்லை, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டதால் போன கண்கள் ஏராளம். அதனால் இந்தப் பக்கத்தில் எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதோடு, எது கெட்டால் உடனே ஓட வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

கண்ணுக்குள் என்னென்ன இருக்கின்றன?

பெரியவர்களின் கண் முன்னிருந்து பின்னாக சுமார் 24 மி.மீ. நீளம் உள்ள உருண்டை. பிறந்த குழந்தைக்கு அது 17 மி.மீ. அளவில் இருக்கும். வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி உறுதியான தோல் போன்ற உறை. அதன் முன்பக்கம், கடிகாரக் கண்ணாடி பதித்த மாதிரி, ஒளி ஊடுருவும் கார்னியா இருக்கிறது. அதற்குப் பின்னால் கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ், ஐரிஸின் நடுவில் பாவை என்ற துளை, துளைக்குப் பின்னால் லென்ஸ். கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் இடையே தெளிந்த நீர். லென்ஸுக்குப் பின்னால் கண்ணின் பெரும்பகுதியை நிரப்பும் கூழ், சுமார் 4 மி.லி. அந்தக் கூழைத் தாண்டி, உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அங்கிருந்து பார்வை நரம்பு மூளைக்குப் போகிறது.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு. மேல் இமையைத் தூக்க ஒரு தசை தனி.

ஒளியைக் குவிப்பது லென்ஸ்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குவிக்கும் திறனை டயாப்டர் என்ற அலகில் அளக்கிறார்கள். கண்ணின் மொத்தத் திறன் சுமார் 60 டயாப்டர் என்றால், அதில் ஏறத்தாழ 43 கார்னியாவுடையது. காற்றிலிருந்து ஈரமான வளைந்த பரப்புக்குள் ஒளி நுழையும்போதுதான் அதிகம் வளைகிறது. கிணற்றில் முங்கிக் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவது இதனால்தான்: முன்னால் காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்துவிட்டதால் கார்னியாவின் வேலை ஏறக்குறைய நின்றுபோகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் அந்தக் காற்று இடைவெளி திரும்பக் கிடைத்துவிடும்.

கார்னியாவின் நடுப்பகுதி அரை மி.மீ.யை விடச் சற்றே தடிமன். அதில் ரத்தக் குழாய் கிடையாது, இருந்தால் தெளிவாக இருக்க முடியாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பங்கு கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே வருகிறது. கான்டாக்ட் லென்ஸைப் போட்டபடியே தூங்கக் கூடாது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவவும் கூடாது. அந்தத் தண்ணீரில் வாழும் அமீபா கார்னியாவைத் தாக்கினால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

கார்னியாவின் உட்புறம் ஒற்றை வரிசைச் செல்கள் உள்ளன. உள்ளே கசியும் நீரை இவை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருப்பதால்தான் கார்னியா ஊதிப்போகாமல் தெளிவாக இருக்கிறது. இந்தச் செல்கள் இறந்தால் புதிதாகப் பிறப்பதில்லை. பக்கத்துச் செல்கள் விரிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். எண்ணிக்கை மிகவும் குறைந்தால் கார்னியா வெளுத்து மங்கிவிடும்.

அழாதபோதும் கண்ணில் நீர் இருக்கிறதா?

எப்போதும் ஒரு மெல்லிய படலமாக இருக்கிறது. அதன் மேல்பரப்பில் எண்ணெய், நடுவில் நீர், அடியில் பிசுபிசுப்பான சளி. எண்ணெய் இமை விளிம்பில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. அது குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகி கண் உறுத்தும். உறுத்தலைத் தணிக்க நீர் மேலும் சுரக்கும். "கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, எனக்கு எப்படி உலர்கண் இருக்க முடியும்" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

போன், கணினித் திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது. அதில் பல இமைப்புகளும் அரைகுறை. திரையால் விழித்திரை கெட்டுப்போகும் என்ற பயம் தேவையில்லை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியால் கண் சோர்வு குறைவதாக ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். முழுதாக இமைப்பது, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்ப்பது, மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் உட்காருவது, இமை விளிம்பில் வெதுவெதுப்பான துணி ஒற்றடம் ஐந்து முதல் பத்து நிமிடம் வைப்பது: இவை பலன் தரும்.

40 வயதைத் தாண்டினால் ஏன் பேப்பரைத் தள்ளிப் பிடிக்கிறோம்?

லென்ஸைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. அந்த வளையத்திலிருந்து நுண்ணிய இழைகள் லென்ஸைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. கிட்டத்தில் பார்க்கும்போது தசை சுருங்கும், வளையம் சிறுக்கும், இழைகள் தளரும். இழுப்பு குறைந்ததும் லென்ஸ் தன் இயல்பான உருண்டை வடிவுக்குப் போய் அதிகமாகக் குவிக்கும். தசை சுருங்கினால் லென்ஸ் தட்டையாகும் என்று பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

லென்ஸில் வாழ்நாள் முழுக்கப் புதிய இழைகள் வெளிப்புறமாக அடுக்கப்படுகின்றன, பழையவை உதிர்வதில்லை. அதனால் அது வருடா வருடம் கெட்டிப்படுகிறது. தசை நன்றாக இருந்தாலும் லென்ஸ் வளைந்துகொடுக்காது. இதுதான் வெள்ளெழுத்து. கண் பயிற்சியால் இது போகாது, கண்ணாடி போட்டால் அதிகமாகிவிடும் என்பதும் உண்மையில்லை. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் 60 வயதை ஒட்டி கிட்டத்து எண் ஏறுவது தானாக நின்றுவிடும்.

குழந்தைக்குக் கண்ணாடி எண் ஏறிக்கொண்டே போவது ஏன்?

தூரத்தில் மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வையில் பெரும்பாலும் கண் தேவைக்கு மேல் நீளமாக வளர்ந்திருக்கும். ஒரு மி.மீ. கூடுதல் நீளம் என்றால் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் மைனஸ். வளர்ந்த நீளம் திரும்பக் குறையாது, அதனால் வளர்ச்சியை மெதுவாக்குவதுதான் குறிக்கோள். பகல் வெளிச்சத்தில் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்கு இது வருவது குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியாகியிருக்கிறது. ஏற்கெனவே வந்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, சிறப்புக் கண்ணாடிகள் என்று வழிகள் உள்ளன.

எண்ணைக் குறைத்துக் கண்ணாடி போட்டால் ஏறாது என்று சிலர் கேட்டு வாங்குகிறார்கள். அது உதவாது. கிட்டப்பார்வை மிக அதிகமானவர்களுக்கு, சுமார் மைனஸ் 6-க்கு மேல், நீண்ட கண்ணில் விழித்திரை மெலிந்து இழுபட்டிருக்கும். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிட்டாலும் விழித்திரை மெலிந்தது மெலிந்ததுதான், வருடாந்திரப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

6/6 என்றால் என்ன?

நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஸ்நெல்லன் 1862-ல் கொண்டுவந்த முறை. மேலே உள்ள எண் நீங்கள் நிற்கும் தூரம், 6 மீட்டர். கீழே உள்ளது அந்த எழுத்தை இயல்பான கண் படிக்கக்கூடிய தூரம். 6/60 என்றால் மற்றவர் 60 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்கிறீர்கள். 6/6 வரி எழுத்தின் உயரம் சுமார் 8.7 மி.மீ.

ஆனால் 6/6 என்பது விழித்திரையின் நடுப்புள்ளியை மட்டும் சோதிக்கிறது. சுற்றுப் பார்வை முக்கால்வாசி போன பிறகும் 6/6 படிப்பவர்கள் உண்டு. கண்ணாடிக் கடையில் எழுத்தைப் படித்துவிட்டதால் கண் ஆரோக்கியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒளி எப்படி நரம்புச் சைகையாக மாறுகிறது?

விழித்திரையில் இரண்டு வகை ஒளி உணர் செல்கள். குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி, மங்கிய வெளிச்சத்துக்கு. கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம், நிறத்துக்கும் நுணுக்கத்துக்கும். குச்சிச் செல்லுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. அதன் மையத்தில் வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த வளைந்த மூலக்கூறு ஒன்று உண்டு. ஒளி பட்டதும் அது நிமிரும். ஒளி செய்யும் வேலை அவ்வளவுதான், மீதி எல்லாம் வேதியியல். நிமிர்ந்த மூலக்கூறு ஒரு சங்கிலியைத் தொடங்கிவைக்க, செல்லின் சவ்வில் திறந்திருந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன, செல் வெளியிடும் ரசாயனம் குறைகிறது.

இருட்டில்தான் இந்தச் செல் சுறுசுறுப்பாகச் சுரந்துகொண்டிருக்கிறது, ஒளி பட்டால் சுரப்பு அடங்குகிறது. அந்த அடங்கலை அடுத்த வரிசைச் செல்கள் 'வெளிச்சம்' என்று படிக்கின்றன. ஒளியின் மிகச் சிறு துகள் ஒன்றே ஒன்று பட்டாலும் குச்சிச் செல் அதைப் பதிவுசெய்யும். இந்த நிறமியின் வேதியியலுக்காக ஜார்ஜ் வால்ட் 1967-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நிமிர்ந்த மூலக்கூறு மறுபடி வளைந்து நிறமியாக நேரம் பிடிக்கும். வெயிலிலிருந்து சினிமா அரங்குக்குள் நுழைந்தால் முதலில் தட்டுத்தடுமாறுகிறோம். கூம்புச் செல்கள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடும், குச்சிச் செல்கள் முழுத் திறனுக்கு வர 30 முதல் 40 நிமிடம் ஆகும். விழித்திரையின் நடுக்குழியில் குச்சிச் செல்களே கிடையாது. மங்கிய நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துபோவதும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரிவதும் அதனால்தான்.

வைட்டமின் ஏ தீர்ந்துபோனால் முதலில் வருவது மாலைக்கண். பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுக்கி விழுகிறது, தட்டில் உள்ள சோற்றைத் தடவுகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த கட்டத்தில் கார்னியா காய்ந்து கரைந்துபோகும், பிறகு மீட்க முடியாது. முருங்கைக்கீரை, பப்பாளி, பரங்கிக்காய், முட்டை, ஈரல் எல்லாம் நல்ல உணவு. கீரையை ஒரு கரண்டி எண்ணெயோடு சமைத்தால்தான் சத்து உடம்பில் ஏறும். இந்தியாவில் 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ திரவம் அரசு மையங்களில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கண்ணில் குருட்டுப்புள்ளி இருக்கிறது என்கிறார்களே?

எல்லோருக்கும் இருக்கிறது. விழித்திரையின் நரம்பிழைகள் ஒன்றுகூடி வெளியேறும் இடத்தில் ஒளி உணர் செல்கள் இல்லை. வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறி, அதே உயரத்தில் வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு சிறு கறுப்புப் பொட்டு போடுங்கள். இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் விடாமல் பாருங்கள். தாளைக் கை நீளத்திலிருந்து மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் பொட்டு காணாமல்போகும், இன்னும் அருகே வந்தால் திரும்பத் தெரியும். கண் பொட்டின் பக்கம் ஓடிவிட்டால் சோதனை பலிக்காது.

பொட்டு மறைந்த இடத்தில் ஓட்டை தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். சுற்றியுள்ளதை வைத்து மூளை நிரப்பிவிடுகிறது. இதே நிரப்பும் பழக்கம்தான் நோயால் வரும் ஓட்டைகளையும் நம்மிடமிருந்து மறைக்கிறது.

படம் தலைகீழாக விழுகிறது, பிறகு எப்படி நேராகத் தெரிகிறது?

விழித்திரையில் தலைகீழாகத்தான் விழுகிறது. மூளைக்குள் உட்கார்ந்து அந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை, அதனால் அதைத் திருப்பி வைக்க வேண்டிய தேவையே இல்லை. விழித்திரையின் எந்த இடத்திலிருந்து சைகை வந்தால் உலகில் எந்தப் பக்கம் என்பதை மூளை கற்றுவைத்திருக்கிறது.

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் 10 முதல் 12 லட்சம் நரம்பிழைகள் கிளம்புகின்றன. மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் நடுவழியில் எதிர்ப்பக்கம் தாண்டிப்போகின்றன. இதனால் நமக்கு வலப்பக்கம் உள்ள காட்சி முழுவதும், இரு கண்களிலிருந்தும், மூளையின் இடப்பாதிக்குப் போகிறது. பக்கவாதத்தில் மூளையின் இடப்பாதியின் பின்பகுதி பாதிக்கப்பட்டவர் "வலக் கண் போய்விட்டது" என்பார். சோதித்தால் இரண்டு கண்ணிலும் வலப் பாதி போயிருக்கும். சாப்பாட்டில் ஒரு பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது, ஒரே பக்கம் கதவில் இடித்துக்கொள்வது போன்றவை வீட்டார் கவனிக்கக்கூடிய அடையாளங்கள்.

சில ஆண்களுக்குப் பச்சையும் சிவப்பும் குழம்புவது ஏன்?

கூம்புச் செல்களில் மூன்று வகை உண்டு. சிவப்பு, பச்சைக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது பழுதானால் ஈடுகட்ட வேறில்லை. வேதியியலாளர் ஜான் டால்டன் தன் நிறக்குறையை 1794-ல் விவரித்தார். பாதுகாத்து வைத்திருந்த அவருடைய கண்ணின் மரபணுவை 1995-ல் சோதித்தபோது பச்சை நிறமிதான் இல்லை என்று தெரிந்தது. பிறவியில் வந்தது கூடாது, குறையாது. நடுவயதில் புதிதாக நிறம் மங்கினால் அது வேறு நோய், பார்வை நரம்பைச் சோதிக்க வேண்டும்.

குழந்தையின் மாறுகண் அதிர்ஷ்டம் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

விடவே கூடாது. இரு கண்ணும் வேறு வேறு இடத்தைப் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் வரும். குழப்பத்தைத் தவிர்க்க ஒரு கண்ணின் படத்தை அது ஒதுக்கத் தொடங்கும். ஒதுக்கப்பட்ட கண்ணுக்கான மூளை இணைப்புகள் வளராமல் போய், கண் நன்றாக இருந்தும் பார்வை தேறாத சோம்பேறிக் கண் ஆகிவிடும். ஹூபெல், வீசெல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளில் இதைக் காட்டினார்கள், 1981-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஏழெட்டு வயதுக்குள் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்து, தேவையான கண்ணாடி போட்டால் பெரும்பாலும் மீட்கலாம். பிறகு போகப் போகக் கடினம். மூன்று மாதத்துக்கு மேலும் குழந்தையின் கண் ஓடினால் காட்டுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு பாவை வெள்ளையாகத் தெரிந்தால் அதே வாரத்தில் காட்டுங்கள். அது விழித்திரைப் புற்றாக இருக்கலாம், சீக்கிரம் கண்டால் உயிரையும் பல நேரம் கண்ணையும் காப்பாற்ற முடியும்.

கண் அழுத்த நோய் எப்படி வருகிறது?

கண்ணுக்குள் நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் நீர் சுரந்து, ஐரிஸும் கார்னியாவும் சேரும் கோணத்தில் உள்ள வலைப்பின்னல் வழியாக வடிகிறது. வரத்து நிற்காமல் வடிகால் அடைத்தால் அழுத்தம் ஏறும். இயல்பு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். ஏறிய அழுத்தம் பார்வை நரம்பின் இழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு கெடுபவர்களும் உண்டு, அதனால் அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதாது. பாவையை விரித்து நரம்பைப் பார்க்க வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை, பி.பி. மாத்திரை சாப்பிடுவதால் இது வராது என்று நினைக்க வேண்டாம். சுற்றுப் பார்வையில்தான் முதலில் ஓட்டை விழும், மூளை அதை நிரப்பிவிடும். ஓட்டை பெரிதாகித் தெரியும்போது நரம்பில் பெரும்பகுதி போயிருக்கும். போனது திரும்பாது, இருப்பதை சொட்டு மருந்தால் காக்கலாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் 40 வயதிலிருந்து வருடம் ஒருமுறை சோதியுங்கள்.

இதில் இன்னொரு வகை நேர் எதிர். கோணம் திடீரென முழுதாக மூடிக்கொள்ளும்: கடும் கண்வலி, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை வாங்கிப் படுத்துவிடுகிறார்கள். அன்று இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை இது.

சர்க்கரை நோய் கண்ணை என்ன செய்கிறது?

விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்கள் வலுவிழந்து புடைக்கின்றன, கசிகின்றன, சில அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத பகுதி புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லிச் சைகை அனுப்புகிறது. அப்படி முளைப்பவை நொய்ந்தவை, ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அந்த நாள் வரை பார்வை நன்றாகவே இருந்திருக்கலாம்.

இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு, நோய் தெரிந்த அன்றே முதல் விழித்திரைப் பரிசோதனை, பிறகு வருடா வருடம். முதல் வகைக்கு ஐந்து ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். கருவுற்றிருந்தால் முதல் மூன்று மாதத்திலேயே. பாவையை விரிக்கும் மருந்து விட்டபின் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகவும் கூச்சமாகவும் இருக்கும். வண்டி ஓட்டி வராமல் துணைக்கு ஒருவரோடு வாருங்கள்.

புரை முற்றிய பிறகுதான் அறுவை செய்ய வேண்டுமா?

புரை என்பது கண்ணின் லென்ஸ் மங்கிப்போவது. முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய முறைக்குப் பொருந்திய பேச்சு. இப்போது லென்ஸ் அதன் மெல்லிய பைக்குள் இருக்கும்போதே 3 மி.மீ.க்கும் குறைவான துளை வழியாக உடைத்து உறிஞ்சி, அதே பைக்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். முற்றிக் கல்லாகிப்போனால் உடைக்க அதிக சக்தி தேவை, கார்னியாவின் அந்தத் திரும்ப வளராத செல்கள் அதில் அதிகம் சாகும். படிக்க, சமைக்க, இரவில் தெருவில் நடக்கச் சிரமம் வந்ததுமே செய்துகொள்வது நல்லது.

சில தாத்தா பாட்டிகள் "எனக்கு வெள்ளெழுத்து சரியாகிவிட்டது, கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்" என்று மகிழ்ச்சியாகச் சொல்வார்கள். லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து குவிக்கும் திறன் கூடியதன் விளைவு அது, புரையின் ஆரம்பம். சொட்டு மருந்தால் புரை கரையாது. மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழிமேல் படரும் சதை வளர்ச்சியும் புரையும் வேறு வேறு.

செயற்கை லென்ஸை முதலில் வைத்தவர் லண்டனில் ஹாரல்ட் ரிட்லி, 1949-ல். போர் விமானத்தின் முன்கண்ணாடிச் சில்லு தைத்த விமானிகளின் கண் அந்த பிளாஸ்டிக்கை ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். இந்தியாவில் இந்த லென்ஸ் ஏழைகளுக்கு எட்டியதில் மதுரைக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-ல் அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், லென்ஸை உள்ளூரிலேயே செய்யத் தொடங்கியதும் விலை பல மடங்கு இறங்கியது.

மாதங்களோ வருடங்களோ கழித்து மறுபடி மங்கினால் புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். லென்ஸைத் தாங்கும் பையின் பின்சுவர் மங்கியிருக்கும். சில நிமிட லேசரில் சரியாகும்.

கண்முன் கொசு மாதிரி மிதக்கிறது. பயப்பட வேண்டுமா?

வயதாகும்போது உள்ளே உள்ள கூழ் நீர்த்து, அதன் இழைகள் திரண்டு விழித்திரைமேல் நிழல் விழும். பழகிய ஒன்றிரண்டு பூச்சிகள் ஆபத்தில்லை. திடீரென்று நிறையக் கரும்புள்ளிகள், ஓரத்தில் மின்னல் வெட்டு, ஒரு பக்கமிருந்து திரை இறங்குவது போன்ற நிழல் இவற்றில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். கூழ் இழுத்ததில் விழித்திரை கிழிந்திருக்கலாம். கிழிசல் மட்டும் இருந்தால் லேசர் வைத்து வீட்டுக்கு வந்துவிடலாம். விழித்திரை பிரிந்து நடுப்பகுதியும் கழன்றுவிட்டால் பெரிய அறுவை, பார்வையும் பழையபடி தேறுவது நிச்சயமில்லை.

வலியே இல்லாமல் ஒரு கண் சட்டென்று இருண்டால் விழித்திரைக்கு ரத்தம் நின்றிருக்கலாம். அது பக்கவாதத்துக்குச் சமம். கண்ணாடிக் கடைக்கோ சின்ன கிளினிக்குக்கோ போய் நேரத்தைப் போக்காமல் பக்கவாதச் சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் வாரம் ஒருமுறை ஒரு சோதனை செய்யலாம். ஒரு கண்ணை மூடி, எதிரே உள்ள ஜன்னல் கம்பியைப் பாருங்கள், பிறகு மறு கண். கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் கோளாறு. இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

கண் சிவந்தால் மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கலாமா?

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் தானே போகும். பார்த்தால் ஒட்டாது, கையிலிருந்து கைக்குத்தான் ஒட்டும். துண்டு, தலையணை தனியாக வைத்துக் கையை அடிக்கடி கழுவுங்கள். வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல் இருந்தால் அது மெட்ராஸ் ஐ என்று முடிவு கட்டாதீர்கள்.

ஆபத்து ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தில் இருக்கிறது. சிவப்பு உடனே வடியும், அதனால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். மாதக்கணக்கில் விட்டால் புரையும் அழுத்தமும் வரும். இன்னும் மோசம், கதிரடிக்கும்போது நெல் தூசியோ கரும்புத் தோகையோ கீறிய கண். தென்னிந்தியாவில் கார்னியா புண்களில் பெரும்பங்கு பூஞ்சையால் வருகிறது, அதுவும் இப்படித்தான் நுழைகிறது. ஸ்டீராய்டு விட்டால் பூஞ்சை தீயாய்ப் பரவும். கீறல் பட்டு மறுநாள் வலி கூடினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் வசதியுள்ள கண் மருத்துவமனைக்குப் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விட வேண்டாம்.

கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால்?

வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை கையில் வைத்து அமுக்க, பீய்ச்சி அடித்துவிடும். சுண்ணாம்பு காரம். அமிலம் மேலே புரதத்தை உறையவைத்து ஓரளவு நின்றுவிடும், காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். முதல் சில நிமிடத்தில் ஊற்றும் தண்ணீர்தான் கண்ணைத் தீர்மானிக்கிறது.

ஆட்டோ தேடுவதற்கு முன் கழுவத் தொடங்குங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊற்றிக்கொண்டே இருங்கள். குறைந்தது 30 நிமிடம். நடுவில் கண்ணை நாலாபக்கமும் சுழற்றச் சொல்லுங்கள். மேல் இமைக்கு அடியில் கட்டி ஒட்டியிருந்தால் ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள், இல்லாவிட்டால் அது கரைந்துகொண்டே இருக்கும். எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். பிறகு மருத்துவமனை.

பட்டாசு, கம்பி, கண்ணாடிச் சில்லு குத்திய கண்ணுக்கு வழி வேறு. கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, குத்தியதைப் பிடுங்கக் கூடாது. காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தைக் கண் எலும்பின்மேல் படும்படி கவிழ்த்து ஒட்டி, சாப்பிடாமல் குடிக்காமல் கொண்டுபோங்கள். உடனே அறுவை தேவைப்படலாம்.

சொட்டு மருந்தை எப்படி விடுவது?

கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்து ஒரு பை மாதிரி செய்து அதில் ஒரு சொட்டு. ஒரு சொட்டே கண் பிடிக்கும் அளவைவிட அதிகம், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். அங்குள்ள துளை வழியே மருந்து மூக்குக்கும் ரத்தத்துக்கும் போவது குறையும். ஆஸ்துமா உள்ளவர்கள் அழுத்த நோய்க்கு டிமோலால் விட்டால் மூச்சு முட்டலாம், மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி. பாட்டிலின் மூக்கு இமையில் படக் கூடாது. பெரும்பாலான பாட்டில்களைத் திறந்து ஒரு மாதத்தில் எறிந்துவிட வேண்டும், திறந்த தேதியை மேலே எழுதிவையுங்கள்.

கண்தானத்தில் முழுக் கண்ணையும் மாற்றுகிறார்களா?

இல்லை. பயன்படுவது முக்கியமாகக் கார்னியா. பார்வை நரம்பின் அந்த 10 லட்சம் இழைகளை வெட்டி மறுபடி இணைத்து வேலைசெய்ய வைக்க இன்னும் வழியில்லை. 2023-ல் நியூயார்க்கில் முழுக் கண் ஒன்றைப் பொருத்தினார்கள். கண்ணில் ரத்தம் ஓடியது, பார்வை வரவில்லை. கார்னியாவில் ரத்தக் குழாய் இல்லாததால் உடல் அதை நிராகரிப்பது மற்ற உறுப்புகளைவிடக் குறைவு. மனிதக் கார்னியாவை முதன்முதலில் வெற்றிகரமாக மாற்றியவர் எடுவார்ட் சிர்ம் என்ற கண் மருத்துவர், 1905-ல். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் தொடங்கியது.

கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்தவர், சர்க்கரை உள்ளவர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, ரத்தப் புற்று, ரத்தத்தில் கிருமி பரவி இறந்தவர்களிடம் எடுப்பதில்லை. உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். உறுதிமொழி எழுதாதவராக இருந்தாலும் குடும்பத்தார் சம்மதித்தால் போதும். கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு இமைகளை மூடி, ஈரப்பஞ்சை மேலே வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். குழு வீட்டுக்கே வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிடும், முகம் மாறாது. இறப்புச் சான்றுக்கான மருத்துவர் தாளைத் தயாராக வைத்திருந்தால் அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.